நாலு மணிப் பேச்சு

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே தாரணி தவறான வண்டியில் ஏறிவிட்டாள்.

கோரமங்கலாவில் ஒரு கால் சென்டர். தமிழ்நாட்டிலிருந்து கூப்பிடும் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஷிப்டு பிற்பகல் மூன்றுக்கு முடியும். வாசலில் ஏழெட்டு வேன்கள் நிற்கும். பொம்மனஹள்ளி வேன் என்று நினைத்து அவள் ஏறி உட்கார்ந்தது அத்திபெலே வேனில். விடியுமுன் எழுந்த அசதியில் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வேனில் அவளைத் தவிர யாருமில்லை. வெளியே லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். திண்டுக்கல்லிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத தாரணிக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

"தாரணியா? நான் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்ல காந்தா. இன்னாமா, ஓசூருக்கே குடி போறியா?"

தாரணிக்கு வாய் திறந்தால் அழுதுவிடுவோம் போலிருந்தது. மறுமுனைக்கு அது புரிந்துவிட்டது.

"அழுவாத. கோவிந்தப்பா தங்கமான மனுசன். துமகூர் பக்கம், தமிழ் வராது, அவ்ளோதான். போனை அவர்கிட்ட குடு."

காந்தா கன்னடத்தில் என்ன சொன்னாளோ, ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கடையோரம் வண்டியை நிறுத்தி டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். பிறகு அவளைத் திரும்ப பொம்மனஹள்ளியில் வீட்டு முனைவரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை காந்தா கூப்பிட்டாள். "எங்க வந்திருக்கே? சந்தாபுரா தாண்டியாச்சா? சரி." தாரணி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஆறரை. காந்தாவின் ஷிப்டு நான்கு மணிக்கே முடிந்திருந்தது என்பது மறுநாள்தான் அவளுக்குத் தெரியவந்தது.

நன்றி சொல்லத் தேடிப்போனாள். தரைத்தளத்தில், இரண்டு போன்களுக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கும் நடுவே, தோளில் ஒரு போனை இடுக்கிக்கொண்டு யாரையோ கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தாள் காந்தா. மெலிந்த உடம்பு, பெரிய குரல். நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் ஆற்காட்டிலிருந்து இங்கே வந்துவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் உருது, வேலையில் கன்னடம் என்று மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ரொம்ப தேங்ஸ்க்கா," என்றாள் தாரணி.

"அக்கா கிக்கா எல்லாம் வேணாம். உன்னைவிட நாலஞ்சு வயசு கூட இருப்பேனா? பேர் சொல்லியே கூப்புடு. சாப்ட்டியா?"

அப்படித்தான் தொடங்கியது. அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றாக. தாரணியின் புளிக்குழம்பை காந்தா எடுத்துக்கொள்வாள். காந்தாவின் முட்டைப் பொரியலைத் தாரணி எடுத்துக்கொள்வாள். வீட்டுக்காரரோடு தகராறா, கேஸ் சிலிண்டர் வரவில்லையா, மகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டுமா, தாரணி போனை நீட்டுவாள், காந்தா பேசுவாள். "கொஞ்சம் கன்னடம் கத்துக்கோயேன்" என்று அவ்வப்போது சொல்லுவாள். "நீதான் இருக்கியே" என்பாள் தாரணி. ஏழு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

காந்தாவுக்கும் தாரணியிடம் ஒன்று கிடைத்தது. நாள் முழுக்க ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவளுக்கு, அதட்ட வேண்டாத ஒரு ஆள். மனதில் இருப்பதை அவளிடம்தான் இறக்கி வைப்பாள். பி.யூ.சி.யில் கணக்கில் தோற்றதும் அப்பா படிப்பை நிறுத்திவிட்டதைச் சொல்லியிருக்கிறாள். கணவன் சரவணனோடு ஒருமுறை கோபித்துக்கொண்டு நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றியதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இதையும் சொன்னாள்:

"டாக்டர் குடுத்த பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன். போட்டா தலை சுத்துது. வூட்ல சொல்லிடாத, அப்புறம் சரவணன் உசிரை வாங்குவான்."

"அப்டியெல்லாம் நிறுத்தக் கூடாது காந்தா."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

தாரணி பேச்சை விட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, காந்தா போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தைகள் குழறின. எதிரே வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கோவிந்தப்பா முதலில் அவள் விளையாடுகிறாள் என்றே நினைத்தார். அப்புறம் அவள் வலது கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. அவர் ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை. தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார். தாரணி மாடியிலிருந்து ஓடி வந்தபோது கீழே காந்தாவின் நாற்காலி மட்டும் கோணலாக நின்றது.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் கட்டி அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிர் தப்பியது என்றார்கள். வலது கையும் காலும் பலமிழந்திருந்தன. பேச்சு அடியோடு போய்விட்டது.

பதினோராம் நாள் அவள் முதல் வார்த்தை சொன்னாள். "நீரு."

சரவணன் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. தண்ணீரைப் புகட்டினான். அடுத்த நாள் "பேக்கு" என்றாள். அதற்கடுத்த நாள் "பேடா." வேண்டும், வேண்டாம் எல்லாம் கன்னடத்திலேயே வந்தன. வீட்டில் பிறந்ததிலிருந்து பேசிய தமிழில் ஒரு சொல்லும் வரவில்லை. நிதானமாகச் சொன்னால் தமிழ் புரிந்தது. ஆனால் பதில் சொல்ல வாயெடுத்தால் அங்கே ஒன்றுமில்லை. டாக்டர்கள் ஆச்சரியப்படவில்லை. இரண்டு மூன்று மொழி பேசுகிறவர்களில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, எது முதலில் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார்கள்.

தாரணி மூன்று முறை போய்ப் பார்த்தாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். காந்தா அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கன்னடத்தில் இரண்டு சொல் வந்தது. தாரணிக்குப் புரியவில்லை. காந்தா மறுபடி முயன்றாள். மறுபடி புரியவில்லை. "சரி காந்தா, சரி சரி" என்று தலையாட்டினாள். அவள் பொய்யாகத் தலையாட்டுகிறாள் என்று காந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப்பின் தாரணி போகவில்லை. ஷிப்டு மாறிவிட்டது, மகளுக்குச் சளி, மாமியார் வந்திருக்கிறார் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைத்தது. கணவன் கிஷோர் ஒருமுறை, "காந்தாக்காவைப் பார்க்கப் போகலையா?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். உண்மையான காரணம் அந்த மாத்திரை. தனக்குத் தெரிந்திருந்தது, தான் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்பது சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் நினைவுக்கு வந்தது. அலுவலகத்திலும் மற்றவர்கள் போவது குறைந்துவிட்டது. பேச முடியாத ஒருத்தியின் முன்னால் அரை மணி நேரம் உட்காருவது யாருக்கும் எளிதாக இல்லை.

ஐந்து வாரம் ஆகியிருக்கும். காந்தாவின் மகள் நிருபமா விடுப்புக் காகிதங்களைக் கொடுக்க அலுவலகத்துக்கு வந்தாள். பதினேழு வயது, அம்மாவின் அதே நெற்றி. தாரணியைப் பார்த்ததும் நேராக வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் வர்றதே இல்ல?"

தாரணி ஏதோ முணுமுணுத்தாள்.

"பேச்சுப் பயிற்சி குடுக்கிற மேடம் உங்களைப் பாக்கணும்னாங்க. அம்மாக்கு ஃப்ரெண்டு யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க. அம்மா உங்க பேரைச் சொன்னாங்க. மூணு வாட்டி முயற்சி பண்ணிச் சொன்னாங்க."

பயிற்சியாளர் பெயர் மமதா. கன்னடக்காரர், ஆனால் பிரேசர் டவுனில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளமாக வந்தது. காந்தாவின் வீட்டு வாசலிலேயே தாரணியை நிறுத்தி வைத்துப் பேசினார்.

"வாரத்துக்கு ரெண்டு நாள் நான் வர்றேன். அது போதாது. தினமும் ஒரு மணி நேரம் யாராவது உக்காந்து பேசணும்."

"வீட்ல அவங்க இருக்காங்களே மேடம். அவங்களுக்கெல்லாம் கன்னடம் நல்லாத் தெரியும். எனக்கு 'கொத்தில்லா', அதாவது 'தெரியாது'ங்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

"அதனாலதான் உங்களைக் கேக்கறேன்," என்றார் மமதா. "வீட்டுக்காரர் இவங்க கண்ணைப் பாத்தே தண்ணி கொண்டாந்துடறார். பொண்ணு பாதி வார்த்தையிலயே மீதியைச் சொல்லி முடிச்சிடறா. பாசந்தான். ஆனா இவங்க பேச வேண்டிய அவசியமே இல்லாம போயிடுது. உங்களுக்குப் புரியாதுல்ல? அப்ப இவங்க சொல்லித்தான் ஆகணும். ஒரே ஒரு விஷயம். புரியாதப்போ புரிஞ்ச மாதிரி தலையாட்டாதீங்க."

தாரணியின் முகம் சூடானது. காந்தா அதையும் சொல்லியிருக்கிறாளா, இல்லை இவர் தானாகச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏழு வருடத்தில் காந்தாவின் வீட்டுக்கு அவள் வந்தது மூன்றே தடவை. காந்தா அவள் வீட்டுக்கு வந்ததற்குக் கணக்கே இல்லை. நீலசந்திராவின் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கிய இரண்டு அறை. சுவரில் புத்தர் படம், அதனருகே அம்பேத்கர் படம். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காந்தா உட்கார்ந்திருந்தாள். தாரணியைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது.

"வரலை. தப்புதான்," என்றாள் தாரணி.

காந்தா இடது கையால் எதிரிலிருந்த ஸ்டூலைக் காட்டினாள். "கூத்கோ." உட்கார். அது தாரணிக்குப் புரிந்தது.

மறுநாளிலிருந்து மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்ததும் நீலசந்திரா பஸ். நாலிலிருந்து ஐந்துவரை காந்தாவோடு. மகளை டே-கேரிலிருந்து கூட்டிவரும் வேலையைக் கிஷோர் ஏற்றுக்கொண்டான். முதல் இரண்டு வாரம் கொடுமையாக இருந்தது. காந்தாவிடம் இருந்தது முப்பது முப்பத்தைந்து வார்த்தை. தாரணியிடம் அதுகூட இல்லை. ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்துப் படித்தாள். காந்தா ஒரு சொல்லைத் தேடிப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். தாரணியும் காத்திருப்பாள். பூண்டுக்கு "பெள்ளுள்ளி" என்று சொல்ல ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம் ஆனது. சொல் வந்தபோது இருவரும் வியர்த்துப்போயிருந்தார்கள்.

ஒரு நாள் காந்தா எதையோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் நிறுத்திவிட்டாள். தாரணி நோட்டைப் பார்த்துக்கொண்டாள். "சொல்லு" என்பதற்கு என்ன என்று எழுதியிருந்ததைத் தேடி, உற்சாகமாகச் சொன்னாள்:

"ஏளு காந்தா, ஏளு!"

காந்தா திகைத்துப் பார்த்தாள்.

"ஏளு! பரவாயில்ல, ஏளு!"

காந்தா இடது கையை நாற்காலியில் ஊன்றினாள். முக்கி முனகி, வலது காலை இழுத்து, பாதி எழுந்துவிட்டாள். "ஐயோ, ஏன் எந்திரிக்கிற? விழுந்துடுவ!" என்று தாரணி பாய்ந்து பிடித்தாள். உள்ளே படித்துக்கொண்டிருந்த நிருபமா ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஆன்ட்டி, சொல்லுன்னா ஹேளு. ஹே! ஏளுன்னா எந்திரின்னு அர்த்தம். நீங்க அம்மாவை எந்திரி எந்திரின்னு விரட்டுறீங்க!"

காந்தாவின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. அழப்போகிறாள் என்று தாரணி பயந்தாள். ஆனால் அது சிரிப்பு. கோணலாக, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழிய, நாற்காலியில் திரும்ப விழுந்து சிரித்தாள். நோய் வந்தபின் அந்த வீட்டில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. தெருவில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்த சரவணன் சத்தம் கேட்டு, என்னவோ ஏதோ என்று பதறி உள்ளே வந்தான்.

அன்றுமுதல் ஏதோ ஒன்று இளகியது. இருவரும் தப்பாகப் பேச வெட்கப்படவில்லை. தாரணி சொல்வதைக் காந்தா திருத்த ஆரம்பித்தாள். திருத்தத் திருத்த அவளுக்கே வார்த்தைகள் கூடின. நடுநடுவே தமிழும் எட்டிப் பார்த்தது. "சனியனே" என்பதுதான் முதலில் வந்த தமிழ்ச் சொல். பாலைச் சிந்திவிட்டதற்காகத் தாரணியைப் பார்த்துச் சொன்னாள். சொன்னதும் தானே அதிசயித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அலுவலகத்துப் பழைய வண்டி அட்டவணை ஒன்றைத் தாரணி கொண்டுவந்திருந்தாள். ஓட்டுநர்களின் பெயர்களைச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. தனித்தனியாகக் கேட்டால் திணறுகிற காந்தா, "ஈஜிபுரா" என்று தொடங்கிக் கொடுத்தால் போதும், "தொம்லூர், இந்திராநகர், உல்சூர், பிரேசர் டவுன்" என்று நிற்காமல் ஒப்பித்துவிட்டாள். பதினாறு வருடம் போனில் சொன்ன வழித்தடங்கள் அப்படியே உள்ளே இருந்தன. "கோர்வையா மனப்பாடமா இருக்கிறது சில சமயம் அழியாமத் தப்பிச்சுடும்," என்றார் மமதா. "இதைப் பிடிச்சுக்கங்க."

மூன்றாவது மாதம் தாரணி அந்த மாத்திரைப் பேச்சை எடுத்தாள். பாதி தமிழும் பாதி கன்னடமுமாக, நிதானமாக, காந்தாவுக்குப் புரியும்படி சொன்னாள்.

"நீ மாத்திரையை நிறுத்தினது எனக்குத் தெரியும். நான் யாருக்கும் ஹேளில்லா. அன்னிக்கே சரவணன் அண்ணன்கிட்ட சொல்லியிருந்தா… அதான் நான் அஞ்சு வாரம் வரல. உன் முகத்தைப் பாக்க முடியல."

காந்தா ஒவ்வொரு சொல்லாக எடுத்தாள்.

"நானு… மாத்ரெ… பிட்டெ." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான்தான் விட்டேன். "நீனு… அல்ல." நீ இல்லை. பிறகு முகத்தைச் சுளித்துத் தேடி, இன்னும் ஒன்றைச் சொன்னாள். "ஐது… வாரா… அது… நீனு."

அந்த ஐந்து வாரம் உன்னுடையது. மன்னித்ததையும் மன்னிக்காததையும் அவள் பிரித்து வைத்துவிட்டாள். தாரணி அழுதாள். ஆனால் மனம் லேசாகிவிட்டது. காந்தா எதையும் மழுப்பவில்லை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

நிமிர்ந்தபோது வாசலில் சரவணன் நின்றிருந்தான். கேட்டுவிட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றான். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஒரு வாரம் அவன் தாரணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வருவதை நிறுத்தவில்லை. எட்டாம் நாள் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தான். பிறகு இன்னொரு டம்ளரை எடுத்துவந்து தானும் உட்கார்ந்துகொண்டான்.

ஆறு மாத விடுப்பு முடியும் சமயம் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. டிரான்ஸ்போர்ட் மேலாளர் கேசவ் நேரில் பார்க்க வேண்டும் என்றார். காந்தா ஊன்றுகோலோடு வந்தாள். கூடத் தாரணியைத்தான் கூட்டிப் போவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தாள்.

கேசவ் கெட்டவர் இல்லை. ஆனால் அவசரக்காரர். காந்தாவிடம் நலம் விசாரித்துவிட்டு, பதில் வர நேரமாவதைப் பார்த்ததும் தாரணி பக்கம் திரும்பிக் கன்னடத்தில் கேட்டார். போன் எடுக்க முடியாதவரை டெஸ்க்கில் எப்படி வைத்துக்கொள்வது, இவரால் என்ன முடியும், என்ன முடியாது?

தாரணிக்கு முழுவதும் புரிந்தது. பதிலும் தெரியும். அழகாக எடுத்துச் சொல்லி வாதாடவும் முடியும். பத்து வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பக்கத்தில் காந்தா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கடித்த பல்லைத் தாரணி நூறு நாளாகப் பார்த்திருக்கிறாள்.

"அவரன்னே கேளி, சார்," என்றாள். அவரையே கேளுங்கள்.

கேசவ் கொஞ்சம் தடுமாறினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காந்தா பக்கம் திருப்பினார். தாரணி மேசைக்கடியில் தன் விரல்களைப் பின்னிப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் போயிருக்கும். இரண்டாகக்கூட இருக்கலாம்.

"டிரைவர்… எல்லா… கொத்து," என்றாள் காந்தா. எல்லோரையும் தெரியும். "ரூட்டு… கொத்து. போன்… பேடா. கம்ப்யூட்டர்… மாட்தீனி." போன் வேண்டாம், கம்ப்யூட்டரில் செய்கிறேன் என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "எடகை."

"ரூட்டெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றார் கேசவ், இந்த முறை அவளிடமே.

காந்தா மூச்சை இழுத்துக்கொண்டாள். ஈஜிபுராவில் ஆரம்பித்தவள் பிரேசர் டவுனில் நிற்கவில்லை. அடுத்த வழித்தடம், அதற்கடுத்தது என்று ஒன்பது வழித்தடங்களையும் சொல்லி முடித்தாள். கேசவின் திரையில் இருந்த அட்டவணையில் ஒரு நிறுத்தம் விட்டுப்போயிருந்தது. அதையும் விரலால் காட்டினாள்.

கேசவ் சிரித்துவிட்டார். மூன்று மாதம் அரை நாள் வேலை, அட்டவணை போடுவது மட்டும், போன் பேச வேறொருவர், அதற்குப்பின் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. நிரந்தர உறுதி ஒன்றுமில்லை. ஆனாலும் லிஃப்டில் இறங்கும்போது காந்தா ஊன்றுகோலால் தரையைத் தட்டித் தாளம் போட்டாள். வாசலில் கோவிந்தப்பாவும் இன்னும் நான்கைந்து ஓட்டுநர்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, அவள் யாருக்கும் பதில் சொல்ல முடியாமல், சந்தோஷமாகத் திணறினாள்.

மூன்று மாதம் ஆறானது. வேலை நிலைத்தது. மதியச் சாப்பாடு மறுபடி ஒன்றாயிற்று. காந்தாவின் பேச்சில் இப்போது கன்னடமும் தமிழும் கலந்து ஓடுகின்றன. நடுவே பள்ளங்கள் இருக்கின்றன. முன்போல் அதட்டும் குரல் வருமா என்று மமதாவால் சொல்ல முடியவில்லை.

நாலு மணிப் பேச்சு தினமும் நடப்பதில்லை, வாரத்தில் மூன்று நாள். சண்டையும் நடக்கிறது. போன வாரம் நடந்தது பெரிய சண்டை. சிவாஜிநகரில் பிசியோதெரபி. சரவணன் ஆட்டோவில் கூட்டிப்போவான். அவனுக்கு அன்று ஹொஸ்கோட்டே சவாரி. தனியாக பஸ்ஸில் போகிறேன் என்றாள் காந்தா.

"ஒண்ணும் வேணாம். நான் கூட வர்றேன்."

"பேடா."

"விழுந்துட்டீன்னா?"

"விழுந்தா… ஏளு," என்றாள் காந்தா. பிறகு முறைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நீனு… அம்மா அல்ல. ஃப்ரெண்டு."

தாரணிக்குக் கோபம் வந்தது. இருவரும் பேசாமலே பஸ் நிறுத்தம்வரை நடந்தார்கள். பஸ் வந்தது. காந்தா இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது காலை ஒவ்வொரு படியாக இழுத்து ஏறினாள். தாரணி கையை நீட்டவில்லை. நடத்துநர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். காந்தாவின் உதடுகள் அசைவதும், பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்ப்பதும், நடத்துநர் பொறுமையாகக் காது கொடுப்பதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தன. பஸ் கிளம்பிவிட்டது.

தாரணி வீட்டுக்குப் போகாமல் நிறுத்தத்திலேயே உட்கார்ந்தாள். போன் பண்ணக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்துக் காந்தாவிடமிருந்து செய்தி வந்தது. இடது கைப் பெருவிரலால் எழுத்து எழுத்தாகத் தட்டியது.

"யாரூ சீட் கொட்லில்லா. சனியன்கள்."

ஒருவரும் இடம் தரவில்லையாம். தாரணி பஸ் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்திலிருந்த பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அடுத்த தடவை நடத்துநரிடம் எப்படிச் சத்தம் போட்டு இடம் கேட்பது என்று தாரணி கன்னடத்தில் ஒரு வாக்கியம் எழுதிக் காந்தாவுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில், அதிலிருந்த தப்பைத் திருத்திப் பதில் வந்தது.